பாமுக்கலே வெந்நீர்ப் படிக்குளங்கள்: சென்னையிலிருந்து கிளம்புபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

துருக்கியின் டெனிஸ்லி நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே, ஒரு மலைச்சரிவு முழுக்கச் சுண்ணாம்பு படிந்து வெளுத்துக் கிடக்கிறது. அதன்மேல் வெந்நீர் ஊற்று படிப்படியாக இறங்கி வருகிறது. அந்த இடம்தான் பாமுக்கலே. நான் போய் வந்த பிறகு உறவினர்கள், நண்பர்கள் சிலரைக் கூட்டிப்போயிருக்கிறேன். சிலருக்கு இங்கிருந்தே திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். விமான டிக்கெட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் ஓட்டல், அப்புறம் வேன் என்று போய், மலையில் கால் வைக்கும் நேரம் கடைசியில் மிச்சமாக விழுகிறது. அந்த மிச்சம் அநேகமாக உச்சிவெயிலாகத்தான் இருக்கும்.

இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எந்த மணிக்கு அந்தத் தண்ணீரில் நிற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

1. தண்ணீரில் நிற்கும் நேரத்தைக் குறியுங்கள்

நல்ல நேரம் இரண்டு. ஒன்று, வாசல் திறந்ததும் வரும் முதல் இரண்டு மணி நேரம். மற்றது, சூரியன் மறைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்.

காலை நேரம் கூட்டத்துக்காக. அன்தாலியா, குஷாதாசி போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து கிளம்பும் ஒருநாள் சுற்றுலாப் பேருந்துகள் இங்கே வந்து சேர மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அதனால் பத்து, பதினொரு மணி வரை மலை ஓரளவு காலியாக இருக்கும். மாலை நேரம் வெளிச்சத்துக்காக. சரிவு மேற்குப் பக்கம் பார்த்து இருப்பதால் சாயங்கால வெயில் நேராகக் குளங்களில் விழும்.

நடுப்பகலில் இரண்டும் கிடைக்காது. மேலே இருந்து வரும் வெயில் போதாதென்று, வெள்ளைப் பாறையிலிருந்தும் கண்ணில் அடிக்கும். படமும் வெறும் வெளுப்பாகத்தான் வரும்.

சூரியன் மறையும் நேரம் நம் ஊர்போல ஆண்டு முழுக்க ஐந்தரைக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில் அடங்காது. அங்கே ஜூன் மாதம் இரவு 8 மணிக்குப் பிறகுதான் மறையும். டிசம்பரில் மாலை 5.45 அளவிலேயே மறைந்துவிடும். போகும் தேதிக்கான நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய நேரத்தைவிட துருக்கி இரண்டரை மணி நேரம் பின்தங்கியது.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர். இந்த நான்கில் ஒன்று அமைந்தால் யோசிக்க வேண்டாம்.

சென்னையில் பள்ளி விடுமுறை மே மாதம் என்பது நமக்கு வசதிதான். ஜூலை, ஆகஸ்டில் அங்கேயும் வெயில் கொளுத்தும், கூட்டமும் உச்சத்தில் இருக்கும். பொங்கல் விடுமுறையோடு நாலு நாள் சேர்த்து ஜனவரியில் போகிறவர்கள், வெந்நீர் ஊற்றுதானே என்று குளிரை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஊற்றுக்கண்ணில் தண்ணீர் சுமார் 35, 36 டிகிரி செல்சியஸ். கீழே இறங்கி வர வர ஆறிவிடும். ஜனவரியில் அடிவாரக் குளங்கள் சில்லிட்டுத்தான் இருக்கும். தண்ணீர் ஓடாத காய்ந்த பாறையில் வெறுங்காலோடு நடப்பது அதைவிடச் சிரமம். மார்கழிக் குளிரையே குளிர் என்று பழகிய நம் பாதங்களுக்கு அது வேறு அனுபவம்.

3. விசாவை டிக்கெட்டுக்கு முன்னால் முடியுங்கள்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத் துருக்கி இ-விசா நிபந்தனையோடுதான் கிடைக்கும். அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள், இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ கையில் இருக்க வேண்டும். அது இருந்தால் துருக்கி அரசின் இ-விசா தளத்திலேயே வேலை முடிந்துவிடும். இல்லையென்றால் விசா மையம் வழியாக ஆவணங்கள் கொடுத்து, பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா வாங்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள்.

இதில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலாவது, காலாவதியான அமெரிக்க விசாவைக் காட்டி இ-விசா எடுப்பது. தளம் பணத்தை வாங்கிக்கொண்டு விசாவைக் கொடுத்துவிடும். ஆனால் மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆதாரமாகக் காட்டும் அந்த விசா நீங்கள் துருக்கியில் இறங்கும் நாளில் செல்லுபடியாக வேண்டும். அதுவும் இ-விசாவாக இல்லாமல் பாஸ்போர்ட்டில் ஒட்டியதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, தேடலில் முதலில் வரும் தளத்தில் விண்ணப்பிப்பது. அரசு தளம் போலவே தோற்றம் காட்டி, கூடுதல் பணம் பிடுங்கும் இடைத்தரகுத் தளங்கள் நிறைய. துருக்கி வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்திலிருந்து உள்ளே போனால் இந்தக் குழப்பம் இல்லை.

மூன்றாவது, குடும்பத்தில் ஒருவருக்கு இ-விசா தகுதி இருப்பதால் எல்லோருக்கும் இருக்கும் என்று நினைப்பது. தகுதியை ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பார்ப்பார்கள். மகன் அமெரிக்காவில் இருப்பதால் அப்பா, அம்மாவிடம் பத்தாண்டு விசா இருக்கும். கூட வரும் சித்தியிடம் இருக்காது. யாருக்கு எந்த வழி என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். விதிகளும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் வாரத்தில் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

4. டிக்கெட்: இஸ்தான்புல்லில் விமான நிலையம் இரண்டு

சென்னையிலிருந்து போகும்போது தோஹா, துபாய், அபுதாபி போன்ற வளைகுடா ஊர் ஒன்றில் மாறியோ, மும்பை அல்லது டெல்லி போய் அங்கிருந்தோ இஸ்தான்புல் சேரலாம். அங்கிருந்து டெனிஸ்லியின் சார்டாக் விமான நிலையத்துக்கு உள்நாட்டு விமானம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

சிக்கல் நடுவில் இருக்கிறது. இஸ்தான்புல்லில் ஐரோப்பியப் பக்கம் ஒரு விமான நிலையம், ஆசியப் பக்கம் சபிஹா கோக்சென் என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஊரே இருக்கிறது, கடலையும் தாண்ட வேண்டும். விலை குறைவு என்று ஒன்றில் இறங்கும்படி ஒரு டிக்கெட்டும், மற்றதிலிருந்து கிளம்பும்படி ஒரு டிக்கெட்டும் எடுத்துவிட்டு, மூன்று மணி நேர இடைவெளி போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. நெரிசல் நேரத்தில் அது போதாது. முடிந்தவரை சென்னை முதல் டெனிஸ்லி வரை ஒரே முன்பதிவாக எடுங்கள். ஒரு விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பாகிவிடும். லக்கேஜ் கணக்கும் ஒன்றாக இருக்கும். தனித்தனியாக எடுத்தால் உள்நாட்டு விமானத்தில் எடை வரம்பு குறைவு, கவுண்டரில் கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டி வரும்.

தரைவழியும் நன்றாகவே இருக்கிறது. பழைய நகரமான எபேசுவைப் பார்க்கப் போகிறவர்கள் அதன் பக்கத்து ஊரான செல்ச்சுக்கிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரத்தில் டெனிஸ்லி வரலாம். மத்திய துருக்கியில் உள்ள கப்படோக்கியாவிலிருந்து இரவுப் பேருந்து இருக்கிறது. துருக்கியின் தொலைதூரப் பேருந்துகளில் தனியாக வரும் பெண்ணுக்குப் பக்கத்தில் பெண்ணையே உட்காரவைப்பார்கள், அதனால் முன்பதிவில் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். குடும்பமாகப் போகிறவர்கள் எல்லா இருக்கைகளையும் ஒரே பதிவில் எடுத்தால் குழப்பம் வராது. பெரும்பாலான பேருந்துகளில் கழிப்பறை கிடையாது, வழியில் நிறுத்துவார்கள்.

5. ஒரு இரவாவது அடிவாரக் கிராமத்தில் தங்குங்கள்

இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. காலை முதல் இரண்டு மணி நேரமோ மாலை கடைசி இரண்டு மணி நேரமோ வேண்டுமென்றால் தங்கித்தான் ஆக வேண்டும். வெளியூரிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்பும் திட்டம் உங்களை நடுப்பகலில் கொண்டுவந்து நிறுத்தும்.

வேதாகமத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகள் இருந்த ஊர்களுக்குச் சென்னையிலிருந்து யாத்திரை போகும் குழுக்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். அந்த ஊர்களில் ஒன்றான லவோதிக்கேயா பக்கத்தில் இருப்பதால் உங்கள் பேருந்து எப்படியும் இந்த வழியில் வரும். அநேகமாக ஒன்றரை மணி நேரம்தான் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் தெற்கு வாசலில் இறங்கி, குளத்தின் மேல் விளிம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பத்தான் முடியும். பணம் கட்டுவதற்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் அன்றைய இரவுத் தங்கல் எங்கே என்று கேளுங்கள். பாமுக்கலே அல்லது பக்கத்து ஊரான கரஹாயித் என்றால் நிம்மதி.

டெனிஸ்லி பேருந்து நிலையத்திலிருந்து கிராமத்துக்குச் சிற்றுந்து அடிக்கடி ஓடுகிறது. நம் ஊர் ஷேர் வேன் மாதிரிதான், நிறைந்ததும் கிளம்பும், வழியில் கை காட்டினால் நிற்கும். அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பேருந்து நிலையத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய்ச் சிற்றுந்தில் ஏற வேண்டும் என்பது தெரியாமல் மேலேயே நிற்பவர்களைத் தரகர்கள் வந்து பிடித்துக்கொள்வார்கள். கிராமத்தில் இறங்கியதும் ஏதாவது ஒரு ஏஜென்சி அலுவலகத்தில் உட்காரவைத்து டூர் விற்பதும் நடக்கும். உங்கள் ஓட்டல் பெயரையும் வரைபடத்தையும் போனில் முன்பே இறக்கி வைத்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு நடக்கலாம். சின்னக் கிராமம், எல்லாம் நடந்து போகும் தூரம்.

6. எந்த வாசல் என்பதைத் தீர்மானியுங்கள்

வாசல் மூன்று. டிக்கெட் ஒன்றுதான், ஆனால் எதில் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்து அன்றைய நாளே மாறிவிடும்.

கிராமத்து வாசல் அடிவாரத்தில் இருக்கிறது. நுழைந்த கொஞ்ச தூரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சரிவில் குளங்களை ஒட்டியே மேலே ஏற வேண்டும். தெற்கு வாசல் மலைக்கு மேலே. வண்டியில் போய் இறங்கினால் அருங்காட்சியகம், பழங்காலக் குளம் (தனிக் கட்டணம் கட்டிக் குளிக்கும் இடம்), படிக்குளங்களின் உச்சி எல்லாம் அதிகம் ஏறாமலேயே பார்க்கலாம். வடக்கு வாசல் பழைய கல்லறைத் தோட்டத்தின் பக்கம் திறக்கிறது. அங்கிருந்து குளங்களுக்கு வர இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்.

முட்டி நன்றாக இருப்பவர்களுக்குக் கிராமத்து வாசல்தான், அதுவும் காலையில். ஏறும்போது எடை முன்பாதத்தில் விழும், பிடிப்பு கிடைக்கும். இறங்கும்போது ஈரக்காலில் குதிகால் வழுக்கும். தவிர, மேலே போகப் போகத் தண்ணீர் சூடாகிக்கொண்டே வரும். கீழிருந்து போனால் ஒவ்வொரு குளமும் முந்தையதைவிடச் சுகமாக இருக்கும்.

வயதானவர்களோடு போனால் தெற்கு வாசல், மதியம் மூன்று மணிக்கு மேல். மேலே உள்ள இடிபாடுகளை ஷூவோடு பார்த்து முடித்து, வெயில் தாழ்ந்ததும் உச்சிக் குளங்களில் கால் நனைத்துவிட்டு, அதே வாசலில் வெளியே வந்துவிடலாம். சரிவில் இறங்கச் சொல்லி அவர்களை வற்புறுத்த வேண்டாம்.

வெளியே போய்விட்டு அதே டிக்கெட்டில் மறுபடி வரலாம் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். வெளிநாட்டவருக்கான கட்டணம் யூரோ கணக்கில் வைக்கப்படுகிறது, குறைவான தொகை அல்ல. வாசல் திறக்கும், மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், வாசலுக்கு வாசலும் மாறும். முதல் நாள் இரவே ஓட்டலில் கேட்டுவிடுங்கள்.

7. பையில் என்ன இருக்க வேண்டும்

முதலில் ஒரு பெரிய மஞ்சப்பை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. செருப்பை வைக்கத்தான். கோயில் வாசல் மாதிரி டோக்கன் போட்டு விட்டுப் போகும் இடம் இருக்கும் என்று நினைத்துப் பலர் செருப்பைக் கீழேயே ஓரமாக வைத்துவிட்டு ஏறுகிறார்கள். மேலே போன பிறகு ஹியராபோலிஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளில் முள்ளும் கல்லும். வெறுங்காலில் அங்கே நடக்க முடியாது. தெற்கு வாசல் வழியாக வெளியே போகவும் முடியாது. செருப்பு உங்களோடு வர வேண்டும்.

கறுப்புக் கண்ணாடி கட்டாயம். தொப்பி மேலிருந்து வரும் வெயிலைத்தான் தடுக்கும், கீழிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்தைத் தடுக்காது. சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் தடவுங்கள். கால்களில் தடவ வேண்டாம், அது தண்ணீரில் கரைந்து குளத்தில் எண்ணெய்ப் படலமாக மிதக்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டும் வர வேண்டாம்.

சிறிய துண்டு ஒன்று. குடிக்கத் தண்ணீர் ஒரு லிட்டராவது. முழங்காலுக்கு மேல் சுருட்ட முடிகிற உடை. புடவையும் அகலமான சல்வாரும் நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், சரிவில் அது ஆபத்து. முக்கால் பேண்ட் அல்லது லெக்கிங்ஸ் சரியாக இருக்கும். பழங்காலக் குளத்தில் இறங்குவதாக இருந்தால் நீச்சல் உடை. துருக்கிப் பணம் லிரா. நம் ரூபாயை அங்கே மாற்றுவது கஷ்டம், சென்னையிலேயே யூரோவோ டாலரோ வாங்கிக்கொண்டு போய் அங்கே மாற்றுங்கள். கூடவே ஒரு ஃபாரெக்ஸ் கார்டு.

8. செருப்பைக் கழற்றிய பிறகு

வெள்ளைப் பாறை தொடங்கும் இடத்தில் காவலர் நிற்பார். செருப்போடு ஒரு அடி வைத்தாலும் விசில் வரும். சாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா, ரப்பர் ஷூ போட்டுக்கொள்ளலாமா என்று வாதாட வேண்டாம். வெறுங்கால்தான்.

காரணம் புரிந்துவிட்டால் இது ஒரு கெடுபிடியாகத் தோன்றாது. மழைநீர் நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு சூடாக மேலே வருகிறது. வெளிக்காற்று பட்டதும் அதிலுள்ள கரியமிலவாயு பிரிந்து போகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு அதற்கு மேல் தண்ணீரில் தங்க முடியாமல் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. போர் தண்ணீர் வரும் வீட்டில் கீசர் கம்பியில் வெள்ளையாக உப்பு படிகிறதே, அதே பொருள்தான். விளிம்பைத் தாண்டி வழியும் இடத்தில் தண்ணீர் அதிகம் கலங்கும், வாயு அதிகம் பிரியும், அங்கேதான் படிவு வேகமாக வளரும். அப்படி விளிம்பு உயர்ந்து உயர்ந்துதான் குளமாகத் தேங்குகிறது. புதிதாகப் படிந்தது முதலில் கூழ்போல மெத்தென்று இருக்கும், பிறகுதான் இறுகும். ஷூவின் அடிப்பாகம் அந்த மெல்லிய படிவை உடைக்கும், அழுக்கையும் ஏற்றும்.

இப்போது நடை. பாறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. நல்ல வெள்ளையாக, சின்னச் சின்ன வரிகளோடு இருக்கும் இடம் சொரசொரப்பாக இருக்கும், கால் பிடிக்கும், மென்மையான பாதத்துக்குக் கொஞ்சம் வலிக்கும். சாம்பலோ பச்சையோ கலந்து வழவழப்பாகத் தெரியும் இடம்தான் வழுக்கும். நிறத்தைப் பார்த்துக் கால் வையுங்கள். வழுக்கும் இடத்தில் அடியைச் சின்னதாக்கி, முழுப்பாதத்தையும் பதித்து நடங்கள். குதிகாலை முதலில் ஊன்றாதீர்கள்.

பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றிப் பழகியவர்கள் வெயிலில் பாறை சுடுமோ என்று பயப்படுகிறார்கள். வெள்ளையாக இருப்பதால் நம் கருங்கல் தளம்போலச் சுடாது. இங்கே பாதத்துக்குத் தொந்தரவு தருவது சூடு அல்ல, குளத்தின் அடியில் கிடக்கும் சுண்ணாம்புக் குருணைகள். அவை உறுத்தும்போது ஓரமாக ஓடும் வாய்க்காலில் காலை வைத்துக் கொஞ்சம் உட்காருங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் வேகமாகக் கணுக்காலை உரசிக்கொண்டு போகும், வலி போய்விடும்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். இங்கே விழுகிறவர்களில் பெரும்பாலோர் படம் எடுத்துக்கொண்டே பின்னால் நகர்கிறவர்கள். நின்று எடுங்கள், போனைப் பையில் போடுங்கள், அப்புறம் நடங்கள்.

9. எந்தக் குளத்தில் இறங்கலாம்

படத்தில் பார்க்கும், நீலத் தண்ணீர் ததும்பும் அடுக்கடுக்கான இயற்கைக் குளங்களில் இறங்க முடியாது. அவை தடுப்புக்கு அப்பால் இருக்கின்றன. நடைபாதையை ஒட்டி இருக்கும் குளங்களில்தான் இறங்கலாம். அவை கட்டப்பட்டவை.

ஒரு காலத்தில் மேலே ஓட்டல்கள் இருந்தன, ஊற்றுத் தண்ணீரைத் தங்கள் நீச்சல் குளங்களுக்கு இழுத்துக்கொண்டன. சரிவின் குறுக்கே சாலை போட்டு வண்டிகளும் ஓடின. குளங்கள் காய்ந்து பழுப்பேறின. 1988-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, ஓட்டல்களை இடித்து, சாலை போன தடத்தில் இந்தக் குளங்களைக் கட்டினார்கள். இன்று நீங்கள் நடப்பது அந்தப் பழைய சாலையின் மேல்தான்.

இயற்கைக் குளங்களில் பல காய்ந்திருப்பதைப் பார்த்து, இடமே செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. தண்ணீரை முறை வைத்துப் பகுதி பகுதியாகத் திறந்துவிடுகிறார்கள். நம் ஏரிப் பாசனத்தில் மடை மாற்றுவதுபோலத்தான் இதுவும் நடக்கிறது. ஒரே பகுதியில் எப்போதும் தண்ணீர் நின்றால் பாசி பிடிக்கும், அவ்வப்போது காயவிட்டால்தான் படிவு வெளுத்து இறுகும். அன்று எந்தப் பகுதிக்குத் தண்ணீர் என்பது உங்கள் கையில் இல்லை. உச்சிக்குப் போனதும் விளிம்பை ஒட்டிய மரப்பாதையில் இரண்டு பக்கமும் நடந்து பாருங்கள், நிறைந்திருக்கும் பகுதி எங்காவது கண்ணில் படும்.

இறங்கும் குளங்களில் ஆழம் குறைவு, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. உட்காரலாம், நீந்த முடியாது. அடியில் வெள்ளைச் சேறு இருக்கும். உடம்பில் பூசிக்கொண்டால் காய்ந்ததும் தோல் இழுக்கும், கழுவிவிடுங்கள். தண்ணீரைக் குடிக்க வேண்டாம். சோப்பு, ஷாம்பு கூடவே கூடாது.

10. மேலே போன பிறகு: முதலில் இடிபாடு, கடைசியில் குளியல்

உச்சியில் ஹியராபோலிஸ் என்ற பழைய நகரம் விரிந்து கிடக்கிறது. நம் தமிழ் வேதாகமத்தில் எராப்போலி என்று வரும் ஊர் இதுதான். இங்கே காலை உலர்த்தி ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள். ஈரக்காலில் போட்டால் சரளைக்கல் பாதையில் கொப்புளம் வரும்.

அரங்கத்துக்குப் போகும் ஏற்றத்தில் நிழல் கிடையாது, அதனால் அதை முதலில் முடியுங்கள். அருங்காட்சியகம் பழைய ரோமானியக் குளியல் மண்டபத்துக்குள் இருக்கிறது, வெயில் ஏறியதும் அங்கே நுழையலாம். புளூட்டோனியம் என்ற குகை வாயிலில் இன்றும் கரியமிலவாயு கசிகிறது. தரையை ஒட்டித் தேங்கும் அந்த வாயுவில் பூச்சிகளும் சிறு பறவைகளும் செத்துக் கிடப்பதுண்டு. தடுப்பைத் தாண்டிக் குனிய வேண்டாம், குழந்தைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழங்காலக் குளத்தைக் கடைசியாக வையுங்கள். இதற்குத் தனிக் கட்டணம், உடை மாற்ற அறை, லாக்கர் எல்லாம் உண்டு. நிலநடுக்கத்தில் சரிந்த பளிங்குத் தூண்கள் தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. அவற்றின்மேல் பாசி, முட்டியை இடித்துக்கொள்ளாமல் போகிறவர் குறைவு. சில இடங்களில் ஆழம் தலைக்கு மேல், நீச்சல் தெரியாதவர்கள் ஓரத்தை விட்டு நகர வேண்டாம். தண்ணீர் 36 டிகிரி அளவில் இருப்பதால் அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் தலை சுற்றும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். குளித்துவிட்டு வெயிலில் மலை ஏறினால் உடம்பு தளர்ந்துவிடும். குளியலைக் கடைசியில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

11. சாப்பாடு

வளாகத்துக்குள் விலை அதிகம், தேர்வும் குறைவு. காலையில் ஓட்டலில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். துருக்கிக் காலை உணவில் ரொட்டி, சீஸ், ஆலிவ், தக்காளி, வெள்ளரி, தேன் என்று சைவர்களுக்கு நிறையவே இருக்கும்.

கிராமத்தில் கோஸ்லெமே கிடைக்கும். மெல்லிய ரொட்டிக்குள் உருளைக்கிழங்கோ கீரையோ சீஸோ வைத்துக் கல்லில் சுட்டுத் தருவார்கள், நம் வாய்க்கு ஒத்துப்போகும். பருப்பு சூப் எல்லா இடத்திலும் உண்டு, ஆனால் சில கடைகளில் இறைச்சி வேகவைத்த நீரில் செய்வார்கள். சாதத்துக்கும் அப்படித்தான். ‘எத்சிஸ்’ என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள், அதோடு சூப்பின் தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். தாகத்துக்கு அய்ரான், உப்புப் போட்ட கெட்டி மோர்.

12. இரண்டாவது நாள் கையில் இருந்தால்

கரஹாயித் சுமார் ஐந்து கிலோமீட்டர் தூரம். அங்கே ஊற்றில் இரும்பு கலந்திருப்பதால் பாறை செம்பழுப்பாக இருக்கும், தண்ணீரும் பாமுக்கலேயைவிடச் சூடு. வெளிர் நிறத் துணியோடு இறங்க வேண்டாம், கறை போகாது. லவோதிக்கேயா இடிபாடுகள் டெனிஸ்லி போகும் வழியிலேயே இருக்கின்றன. சிற்றுந்து ஓட்டுநரிடம் சொன்னால் சாலையில் இறக்கிவிடுவார், அங்கிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். இரண்டையும் ஒரே பகலில் முடிக்கலாம்.

13. துருக்கி அமையாவிட்டால்

விசாவோ செலவோ ஒத்துவரவில்லை என்றால் இதேபோன்ற படிக்குளங்கள் வேறு நாடுகளிலும் உண்டு. ஆனால் விதிகள் வேறு. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் உள்ள ஹுவாங்லாங்கில் தண்ணீரைத் தொடவே கூடாது, மரப்பாதையில்தான் நடக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால், கடல் மட்டத்தில் வாழும் நமக்கு மூச்சுத்திணறலும் தலைவலியும் வரும். ஒரு நாள் முன்பே உயரத்துக்குப் போய் உடம்பைப் பழக்குவது நல்லது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள மாமத் வெந்நீர் ஊற்றிலும் மரப்பாதையை விட்டு இறங்கக் கூடாது. அங்கே மெல்லிய மேலோட்டுக்கு அடியில் தோலை வேகவைக்கும் சூட்டில் தண்ணீர் இருக்கிறது, இறங்குவது சட்டப்படியும் குற்றம். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர்களுக்கு அதுதான் எளிது. வெறுங்காலோடு தண்ணீருக்குள் நடக்கும் ஆசை இருந்தால் மட்டும் பாமுக்கலேவுக்காகக் காத்திருங்கள்.

14. கிளம்பும்போது

அன்றிரவே பேருந்து ஏறுவதாக இருந்தால், ஓட்டலைக் காலி செய்தாலும் லக்கேஜை அங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். வந்து குளித்துக்கொள்ள இடம் கிடைக்குமா என்றும் கேட்டு வையுங்கள். உடம்பில் படிந்த சுண்ணாம்பைக் கழுவாமல் ஏசி பேருந்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் தோல் வறண்டு அரிக்கும். நல்ல தண்ணீரில் குளித்துவிட்டு, கால் வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். நனைந்த துணியையும் காய்வதற்குள் அலசிவிடுங்கள், காய்ந்துவிட்டால் வெள்ளைத் திட்டு எளிதில் போகாது.

பேருந்து டிக்கெட்டில் ‘பாமுக்கலே’ என்று போட்டிருந்தாலும் பெரிய பேருந்து டெனிஸ்லி நிலையத்திலிருந்துதான் கிளம்பும். கிராமத்திலிருந்து அங்கே கொண்டுபோய் விடும் இணைப்பு வண்டி டிக்கெட் விலையில் அடக்கமா, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் ஏற வேண்டும் என்பதை வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடக்கம் இல்லையென்றால், மாலை நேரமாக ஆகச் சிற்றுந்துகள் குறைந்துவிடும். பேருந்து நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிராமத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.